கதை நேரமும் குடும்ப வாசிப்பும்: சிங்கப்பூர்ப் பொது நூலகச் சிறுவர் பணியில் தமிழ்

முன்னுரை

பொது நூலகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களையும் நூல் தொகுப்புகளையும் சட்டங்களையும் கொண்டே அதனை எழுதுவர். சிறுவர் பகுதியில் நிகழும் கதை நேரம், கைவினைப் பயிற்சி, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து நூல் படிக்கும் நிகழ்ச்சி ஆகியன அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றன. எனினும், சிறுபான்மை மொழி ஒன்றைப் பேசும் சமூகத்தின் நோக்கில் காணுமிடத்து, நூலகத்தின் ஏனைய பணிகளைக் காட்டிலும் இவையே முதன்மை பெறுகின்றன எனலாம். நூல் அடுக்கில் தமிழ் நூல் இருப்பது ஒன்று. அதனை விரும்பி எடுக்கும் தமிழ்க் குழந்தை இருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இணைக்கும் பணியே சிறுவர் நிகழ்ச்சிகளின் பணியாகும்.

சிங்கப்பூர்ப் பொது நூலகத்தின் சிறுவர் பணி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அதன் ஒவ்வொரு கட்டத்திலும் தமிழ்க் குழந்தைக்குரிய இடம் எத்தகையதாக இருந்தது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். இப்பணியின் இலக்கு காலப்போக்கில் 'சிறுவர்' என்பதிலிருந்து 'குடும்பம்' என்பதற்கு நகர்ந்துள்ளது. இம்மாற்றம் எல்லா மொழியினருக்கும் பொதுவானதாயினும், தமிழரைப் பொறுத்தவரையில் அதன் பொருள் வேறு என்பதே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்தாகும்.

சந்தா நூலகமும் சிறுவர் அறையும்

சிங்கப்பூரில் நூலகப் பணி பள்ளியிலிருந்தே பிறந்தது. 1823ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் அடிக்கல் நாட்டிய கல்விக்கூடத்தின் ஒரு பகுதியாகவே நூலகம் எண்ணப்பட்டது. 1845ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் நூலகம் சந்தா செலுத்துவோருக்கு மட்டுமே உரியதாயிற்று. 1874இல் அரசு அதனை ஏற்று, அருங்காட்சியகத்துடன் இணைத்து, ராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமும் என்னும் அமைப்பாக்கியது. 1887இல் அது ஸ்டாம்ஃபர்ட் சாலையில் எழுப்பப்பட்ட புதிய கட்டடத்தில் இடம்பெற்றது.

இக்காலப் பகுதியில் நூலகத்தைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலம் கற்ற சிறு தொகையினரான ஆசியருமே ஆவர். சிறுவர்க்கெனத் தனிப்பிரிவு 1923ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. மேலைநாடுகளில் சிறுவர் நூலகப் பணி வேரூன்றிய காலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் கார்னகி நூலகம் 1899ஆம் ஆண்டிலேயே கதை சொல்லும் நேரத்தைத் தொடங்கியிருந்தது. நியூயார்க் பொது நூலகத்தில் 1906 முதல் ஆன் கேரல் மூர் அம்மையார் சிறுவர் பணிக்குத் தலைமையேற்று அதனைத் தனித்துறையாக வளர்த்தார். ஆங்குக் கதை நேரம் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் புதிய நாட்டின் மொழிக்கும் நூலுக்கும் அழைத்துவரும் வாயிலாக அமைந்தது. சிங்கப்பூரும் புலம்பெயர்ந்தோர் நகரமே. ஆயினும் ராஃபிள்ஸ் நூலகத்தின் சிறுவர் பிரிவு ஏற்கனவே ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையை எதிர்பார்த்தது. தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு அதன் வாயில் திறந்திருந்ததெனக் கூறுதற்கில்லை.

அவ்வாறாயின் தமிழ்ச் சிறாரின் வாசிப்பு எங்கு நிகழ்ந்தது? தமிழ்ப்பள்ளி, சமூக மன்றங்கள், தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த இதழ்கள், உள்ளூர் நாளிதழ்கள் ஆகியவற்றையே அவர்கள் சார்ந்திருந்தனர். கோ. சாரங்கபாணி அவர்கள் 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியின்வழி சிறார் எழுத்துக்கு இடமளித்தது. அதில் எழுதத் தொடங்கியோர் பலர் பின்னாளில் மலாயா, சிங்கப்பூர் எழுத்தாளர்களாக மலர்ந்தனர். பொது நூலகம் செய்ய வேண்டிய பணியை ஒரு நாளிதழ் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கட்டணம் நீங்கிய காலம்

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பொது நூலகம் பற்றிய எண்ணம் உலக அளவில் மாறியது. 1949ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட பொது நூலகக் கொள்கை அறிக்கை, பொது நூலகம் மக்கள் அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. சிங்கப்பூரில் இம்மாற்றத்துக்கு உந்துதலாக அமைந்தது வணிகப் பெருமகனார் லீ கொங் சியான் அவர்களின் கொடையாகும். 1953இல் புதிய நூலகக் கட்டடத்துக்கு 375,000 வெள்ளி வழங்க முன்வந்த அவர், அந்நூலகம் இலவசப் பொது நூலகமாக அமைய வேண்டும் என்றும், உள்ளூர் மக்களின் மொழி நூல்களும் அதில் இடம்பெற வேண்டும் என்றும் வேண்டினார். தமிழ் நூல்கள் சிங்கப்பூர்ப் பொது நூலகத்தில் உரிமையோடு இடம்பெற்ற வரலாற்றில் இந்நிபந்தனைக்குத் தனிச்சிறப்பு உண்டு.

1957இல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1958 முதல் நூலகம் அருங்காட்சியகத்தினின்று பிரிந்து தனி அமைப்பாக இயங்கியது. 1960ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் யாங் டி பெர்த்துவான் நெகாரா யூசோஃப் இஷாக் அவர்கள் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார். அவ்வாண்டிலேயே அது தேசிய நூலகம் என்னும் பெயரையும் பெற்றது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் நூல் திரட்டுவது அதன் கடமையாயிற்று. இதே காலப்பகுதியில்தான், 1956இல், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. உயர்கல்வியில் தமிழுக்கு இடம் கிடைத்த அதே பத்தாண்டில், பொது நூலகத்தின் சிறுவர் அடுக்கிலும் அதற்கு இடம் கிடைத்தது.

இக்காலத்தின் நடுநாயகமாகத் திகழ்ந்தவர் ஹெட்விக் அனுவார் அம்மையார் ஆவார். 1960களின் தொடக்கத்தில் சிறிது காலமும், பின்னர் 1965 முதல் 1988 வரையும் நூலகத்தின் இயக்குநராக விளங்கிய அவர், சிறுவர் வாசிப்பை நூலக வளர்ச்சியின் அடித்தளமாகக் கருதினார். அவர் காலத்தில் நூல் இரவல், கதை சொல்லல், பள்ளிகளுடனான தொடர்பு ஆகியன சிறுவர் பணியின் நிலையான கூறுகளாயின.

இக்கட்டத்தில் நூலகம் தமிழ்க் குழந்தையைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் தெளிவானது. குழந்தை வீட்டில் தமிழ் பேசும். பள்ளியில் தமிழ் எழுத்தைக் கற்கும். அதற்கு இல்லாதது நூல் மட்டுமே. நூலை நூலகம் அளிக்கும். கதை நேரம் என்பது தெரிந்த மொழியிலிருந்து தெரியாத நூலுக்கு இட்டுச் செல்லும் பாதையாக இருந்தது. அதற்குப் பெற்றோரின் துணை இன்றியமையாததாக இருக்கவில்லை. நூலகத்துக்கு வரக்கூடிய பிள்ளையும், கதை சொல்லத் தெரிந்த பணியாளரும் இருந்தாற் போதும்.

குடியிருப்புகளை நாடிச் சென்ற நூலகம்

நகர நடுவில் ஒரு கட்டடம் இருப்பதனால் மட்டும் புறநகர்ப் பிள்ளைக்கு நூல் கிடைத்துவிடாது. 1950களில் மேல் சிராங்கூன், சிக்லாப் போன்ற வட்டாரங்களில் பகுதிநேரக் கிளைகள் இயங்கின. 1960இல் யுனிசெஃப் உதவியுடன் நடமாடும் நூலகச் சேவை தொடங்கியது. நூல்களைச் சுமந்த வாகனம் ஊர்ப்புறங்களுக்குச் சென்றது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை நூலகத்தைப் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். தொடர்ந்து தோ பாயோ (1974), மரின் பரேட் (1978), புக்கிட் மேரா (1982), அங் மோ கியோ (1985), பிடோக் (1985) எனக் கிளைகள் பெருகின. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்த இடங்களிலெல்லாம் நூலகமும் பின்தொடர்ந்தது எனலாம். 1990களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடங்களின் கீழ்த்தளத்திலேயே சிறுவர்க்கான சிறு நூலகங்கள் அமைக்கப்பட்டன. மின்தூக்கியில் இறங்கி வந்தால் நூலகம் என்னும் நிலை ஏற்பட்டது.

நூலகம் பிள்ளையை நெருங்கிய இதே காலத்தில் பள்ளியில் தமிழின் நிலை மாறிக்கொண்டிருந்தது. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் மாணவரின்றிக் குறைந்தன. அவற்றுள் இறுதியாக எஞ்சி நின்ற உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. தமிழ் தாய்மொழிப் பாடமாகத் தொடர்ந்தது. அதாவது, கணிதமும் அறிவியலும் வரலாறும் தமிழில் படித்த பிள்ளையின் இடத்தில், தமிழைப் பாடமாக மட்டும் படிக்கும் பிள்ளை நூலகத்துக்குள் நுழைந்தது. முன்னைய பிள்ளைக்கு எழுதப்பட்ட நூல் பின்னைய பிள்ளைக்குக் கடினமாயிற்று. அடுக்கில் இருந்த நூல்களுட் பெரும்பாலானவை தமிழகத்தில், தமிழகச் சிறாரை எண்ணி எழுதப்பட்டவை. அவற்றில் வரும் வயல்வெளியும் மாட்டுவண்டியும் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டறிந்தவையே அன்றிக் கண்டறிந்தவை அல்ல.

தமிழகத்தின் சீர்காழியில் பிறந்து உலக நூலகவியலின் முன்னோடியாகப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வகுத்தளித்த ஐந்து நூலக விதிகளுள் இரண்டினை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரைப் பெற வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை நூல் கொள்முதலால் நிறைவேற்றலாம். இரண்டாவதற்கு நூலகர் அடுக்கைவிட்டு வெளியே வந்து வாசகரைத் தேட வேண்டும். 1960களில் சிங்கப்பூர்த் தமிழ்க் குழந்தையின் குறை முதல் வகையைச் சார்ந்தது. 1980களுக்குப் பின்னர் அது இரண்டாம் வகையைச் சார்ந்ததாயிற்று. நூல் இருந்தது, வாசகர் அரிதாயினர்.

சிறுவரிலிருந்து குடும்பத்துக்கு

1994ஆம் ஆண்டின் 'நூலகம் 2000' அறிக்கையும், 1995ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அமைந்த தேசிய நூலக வாரியமும் நூலகப் பணியைப் புதிய நெறியில் செலுத்தின. தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் வட்டார நூலகங்களில் சிறுவர் பகுதி விரிவான இடத்தைப் பெற்றது. 1994இல் திருத்தி வெளியிடப்பட்ட யுனெஸ்கோ அறிக்கையும், சிறுவரிடம் இளமையிலிருந்தே வாசிப்புப் பழக்கத்தை உருவாக்குவதைப் பொது நூலகப் பணிகளின் வரிசையில் முதலிடத்தில் வைத்தது.

'இளமை' என்பதன் எல்லையும் இக்காலத்தில் கீழிறங்கியது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1992இல் தொடங்கிய 'புக்ஸ்டார்ட்' திட்டம் கைக்குழந்தைகளின் பெற்றோர்க்கே நூல்களை வழங்கியது. சிங்கப்பூரில் 2001ஆம் ஆண்டில் தேசிய நூலக வாரியம் 'பார்ன் டு ரீட், ரீட் டு பாண்ட்' திட்டத்தைத் தொடங்கிப் புதிதாகப் பிறந்த குழந்தைகளின் பெற்றோரை அணுகியது. 2004இல் தொடங்கிய 'கிட்ஸ்ரீட்' திட்டம், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 4 முதல் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொண்டூழியர் துணையுடன் வாசிப்பை அறிமுகப்படுத்தியது. தந்தையரைப் பிள்ளைகளுடன் வாசிக்கத் தூண்டும் இயக்கமும் அப்பத்தாண்டில் நடைபெற்றது. 2008இல் நடமாடும் நூலகம் 'மோலி' என்னும் பெயரில் மீண்டும் சாலைக்கு வந்தது. 2013இல் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் சிறுவர்க்கெனப் பசுமை நூலகம் ஒன்று திறக்கப்பட்டது.

இத்திட்டங்களை ஒருசேர நோக்கின், நிகழ்ச்சியின் இலக்கு மாறியிருப்பதை உணரலாம். முன்னர்ப் பிள்ளை வந்தது; கதை கேட்டது; நூலுடன் வீடு திரும்பியது. இப்போது பெற்றோரும் பாயில் அமர்கின்றனர். நூலகர் பிள்ளைக்குக் கதை சொல்வதோடு, எவ்வாறு கதை சொல்வது என்பதைப் பெற்றோர்க்கும் காட்டுகிறார். நூலகத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்பது பழக்கமாகாது. வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் கேட்பது பழக்கமாகும். குடும்ப வாசிப்பு நிகழ்ச்சியின் உள்ளுறை இதுவே. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பெருந்தொற்றால் நூலகங்கள் மூடப்பட்டு நிகழ்ச்சிகள் இணையவழி நடைபெற்றபோது, பெற்றோரின் பங்கு மேலும் வெளிப்படையாயிற்று. கதை சொல்பவர் திரைக்கு அப்பால் இருந்தார். பிள்ளையின் அருகில் இருந்தவர் பெற்றோரே.

வீட்டு மொழியின் மாற்றம்

குடும்பத்தை இலக்காகக் கொள்ளும் நிகழ்ச்சி, குடும்பத்தின் மொழியைச் சார்ந்தே இயங்கும். இங்குதான் தமிழின் சிக்கல் தனித்து நிற்கின்றது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் 2000ஆம் ஆண்டில் 35.6 விழுக்காட்டினர். 2010இல் இது 41.6 விழுக்காடாகவும், 2020இல் 59.2 விழுக்காடாகவும் உயர்ந்தது. நாட்டு மக்கள் அனைவரையும் கொண்டு நோக்கின், தமிழை வீட்டில் பெரிதும் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர்.

இவ்வெண்களின் பொருளை நூலகத்தின் பாயில் அமர்ந்து காண வேண்டும். ஆங்கிலக் கதை நேரத்துக்கு வரும் பெற்றோர் அங்குக் கண்ட முறையை வீட்டில் எளிதில் தொடரலாம். தமிழ்க் கதை நேரத்துக்கு வரும் பெற்றோருள் பலர், தாம் தமிழைப் பாடமாக மட்டும் பயின்ற தலைமுறையினர். பேச்சு வரும், படிப்பு தயங்கும். பிள்ளைக்கு முன்னே எழுத்துக்கூட்டிப் படிக்க நாணுவோரும் உளர். ஆகவே அவர்கள் தமிழ்க் கதை நேரத்தை வகுப்பின் நீட்சியாகக் கருதிப் பிள்ளையை அமர்த்திவிட்டு விலகிச் செல்ல நேர்கின்றது. பெற்றோரை இருத்த வேண்டும் என்பதற்காகவே அமைந்த நிகழ்ச்சியில் பெற்றோர் இல்லாமற் போவது, நிகழ்ச்சியின் நோக்கத்தையே தளர்த்திவிடும்.

ஆகவே கதை நேரத்தின் பணி தலைகீழாகியுள்ளது எனலாம். முன்னர் அது தெரிந்த மொழியைக் கொண்டு நூலை அறிமுகப்படுத்தியது. இப்போது நூலைக் கொண்டு மொழியை அறிமுகப்படுத்துகின்றது. ஒரு குழந்தை தேர்வும் மதிப்பெண்ணும் இன்றித் தமிழைக் கேட்டு மகிழும் இடங்கள் குறைந்துவரும் சூழலில், பொது நூலகம் அத்தகைய இடங்களுள் ஒன்றாகியுள்ளது.

கதை நேரத்தின் தமிழ்

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கும் நூலகர்க்கும் பொதுவான வினா ஒன்று எழுகின்றது. கதையை எத்தமிழில் சொல்வது? தமிழ் இரட்டை வழக்கு மொழி. நூலில் 'வீட்டிற்குச் சென்றுகொண்டிருந்தான்' என்றிருக்கும். வாய்மொழியில் 'வீட்டுக்குப் போயிட்டிருந்தான்' என்போம். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவைத் தானே உணரும். வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு இவை இரு வேறு மொழிகளாகவே தோன்றக்கூடும். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடமளிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையின் பயன் வகுப்பறையோடு நின்றுவிட வேண்டுவதில்லை.

கதை சொல்வதில் மூவகை முறைகள் உள்ளன. நூலில் உள்ளவாறே எழுத்துத்தமிழில் படிப்பது ஒன்று. இது சொல்வளம் தரும். ஆயின் இளஞ்சிறார் விரைவில் கவனம் இழப்பர். நூலை மூடிவைத்து முற்றிலும் பேச்சுத்தமிழில் சொல்வது மற்றொன்று. இது மகிழ்ச்சி தரும். ஆயின் பிள்ளை நூலின்பால் செல்லாது. மூன்றாவது முறையில், கதையைப் பேச்சுத்தமிழில் நடத்திச் சென்று, மீண்டும் மீண்டும் வரும் தொடரை மட்டும் நூலில் உள்ளவாறு படித்துப் பிள்ளைகளையும் உடன்சொல்ல வைக்கலாம். அத்தொடரைப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டுமிடத்து, ஒலியும் எழுத்தும் ஒன்றுசேர்கின்றன. இம்மூன்றாவது முறையே இன்றைய சூழலுக்கு ஏற்றது என்பது நம் துணிபு. படிக்கத் தயங்கும் பெற்றோர்க்கும் இது துணைசெய்யும். நூல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை; ஒரு தொடரைப் படித்தாற் போதும் என்னும் துணிவை இது தரும்.

தாத்தா பாட்டியரின் பங்கும் இங்கு எண்ணத்தக்கது. பெற்றோர் பணிக்குச் செல்லும் வீடுகள் பலவற்றில் பிள்ளையைப் பேணுவோர் அவர்களே. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளில் பயின்றோர் அத்தலைமுறையில் இன்னும் உளர். குடும்ப வாசிப்பு எனும்போது தாய் தந்தையரை மட்டும் எண்ணாது இவர்களையும் கதை சொல்வோராக அழைத்தால், நூலகம் தேடும் மொழிவளம் நூலகத்துக்கு நடந்தே வரும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். சிங்கப்பூர்ப் பொது நூலகத்தின் சிறுவர் பணி ஆங்கிலம் அறிந்த சிறு தொகையினரின் பிள்ளைகளிடமிருந்து தொடங்கி, நான்கு மொழிச் சிறார்க்கும் விரிந்து, குடியிருப்புகளை நாடிச் சென்று, இன்று குடும்பத்தை இலக்காகக் கொண்டு நிற்கின்றது. தமிழ்க் குழந்தை முதற்கட்டத்தில் வாயிலுக்கு வெளியே நின்றது. இரண்டாம் கட்டத்தில் மொழியோடு வந்து நூலைப் பெற்றது. இன்று நூலின்வழி மொழியைப் பெற வருகின்றது.

இம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டால் சில செயல்கள் தாமே பின்தொடரும். தமிழ்க் கதை நேரத்தின் வெற்றியை அதற்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. பெற்றோர் உடனிருந்தனரா, நூல் இரவல் சென்றதா, அடுத்த வாரம் அக்குடும்பம் மீண்டும் வந்ததா என்பனவும் அளவுகோல்களாக வேண்டும். தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர் தம் வட்டார நூலகத்தின் நிகழ்ச்சி நிரலை அறிந்து, வகுப்பில் பயிலும் கதையை அங்குச் சொல்லப்படும் கதையோடு இணைக்கலாம். பல்கலைக்கழகத் துறைகள் சிறார் இலக்கியத்தையும் கதை சொல்லலையும் ஆய்வுப் பொருளாகக் கொள்வதோடு, மாணவரைத் தொண்டூழியராக அனுப்பவும் செய்யலாம்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்கு முன்னர் ஒரு கொடையாளர் விதித்த நிபந்தனையால் தமிழ் நூல் பொது நூலகத்தின் அடுக்கில் உரிமை பெற்றது. அந்நூலை எடுத்து வாசிக்கும் கையை உருவாக்குவது எக்கொடையாளராலும் இயலாதது. அது வீட்டாரும் ஆசிரியரும் நூலகரும் கூடிச் செய்ய வேண்டிய பணியாகும்.